கவிழ்ந்து நின்ற அந்தோனியார்

ஜெர்மனியின் ஹனோவரில் லூசிமாரைத் தெரியாத பிரேசில்காரர் இல்லை. ஆஸ்பத்திரிச் சமையலறையில் பாத்திரம் கழுவுகிறவள். சிரித்தால் மூன்றாம் மாடிவரை கேட்கும். 2007 மே மாதத்தில் மட்டும் அந்தச் சிரிப்பு அடங்கிப்போயிருந்தது. செப்டெம்பரில் விசா முடிகிறது. மூன்று வருடமாகப் பழகுகிற ட்ராம் ஓட்டுநர் ஹோல்கரோ கல்யாணம் என்ற சொல்லையே வாயில் எடுக்கவில்லை.

பிரேசிலில் அவளுடைய ஊரில் இதற்கொரு வழி உண்டு. மாப்பிள்ளை வேண்டுமானால் அந்தோனியார் சுரூபத்தைத் தலைகீழாக வைக்க வேண்டும். கையிலிருக்கும் குழந்தை யேசுவையும் கழற்றி எடுத்துவிட வேண்டும். காரியம் முடிந்தால்தான் பிள்ளை திரும்பக் கிடைக்கும். லூசிமார் அப்படியே அவரை ஒரு கண்ணாடிக் கோப்பைக்குள் கவிழ்த்து வைத்தாள்.

கீழ்வீட்டுப் புஷ்பமலர் இலங்கை மன்னார்க்காரி. செவ்வாய் தவறாமல் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்துகிறவள். றொட்டி கொண்டுவந்த இடத்தில் இதைக் கண்டாள். லூசிமார் கோப்பி போட்டுத் திரும்புமுன் அவரைத் துடைத்து நிமிர்த்திவிட்டாள்.

இருவருக்கும் பொதுவாக இருந்தது உடைந்த ஜெர்மன்தான். சண்டைக்கு அது தாராளமாகப் போதும்.

"ஐயோ அக்கா, கெடுத்துப் போட்டீங்களே! நிமிந்து நிண்டால் அவர் சொகுசாயிருந்திடுவார். வேலை செய்யார்."

"விசரே உனக்கு? கவிண்டு கிடந்தால் அவருக்கு மாப்பிள்ளையின்ரை சப்பாத்து மட்டுந்தான் தெரியும். முகத்தைப் பாத்தெல்லோ ஆள் பிடிக்கோணும்!"

"சரி, நிமிந்தே நிக்கட்டும். பிள்ளையை மட்டும் குடுக்கமாட்டன்."

அன்றிலிருந்து குழந்தை யேசு லூசிமாரின் சட்டைப் பையிலேயே வேலைக்குப் போய்வந்தார்.

யூன் நடுவில் கோயில் முற்றத்தில் பிரேசில்காரரின் திருவிழா. அவித்த சோளம், நிலக்கடலை இனிப்பு, பிறகு எல்லாரும் காத்திருக்கும் பொய்க் கல்யாணம். லூசிமார் பெண், ஹோல்கர் மாப்பிள்ளை. சாமியார் வேடக்காரர் சம்மதம் கேட்டதும் மாப்பிள்ளை ஓட வேண்டும்; பெண்ணின் தகப்பனாக நடிப்பவர் மரத்தால் செய்த துவக்கை நீட்டி, சுடுவதாக மிரட்டித் துரத்திப் பிடிக்க வேண்டும். ஹோல்கருக்கு இதை இரண்டு தரம் விளங்கப்படுத்தியிருந்தார்கள்.

சாமியார் கேட்டார். ஹோல்கர் அசையவில்லை.

"ஓடு, ஓடு!" என்று முற்றமே கத்தியது.

அவர் வைக்கோல் தொப்பியைக் கழற்றினார். "ஏன் ஓடோணும்? எனக்குச் சம்மதம். மெய்யாத்தான் சொல்லுறன், லூசிமார்."

துவக்குக்காரர் யாரைத் துரத்துவதென்று தெரியாமல் நின்றார். லூசிமார் சிரித்த சிரிப்பு ட்ராம் தரிப்பிடம் வரை கேட்டது.

அன்று பின்னேரம் லூசிமார் பிள்ளையை அந்தோனியாரின் கையில் திரும்ப வைத்தாள். புஷ்பமலர் பக்கத்தில் நின்றாள்.

"கண்டியே, நிமித்தி வைச்ச பலன்."

"இல்லை அக்கா, பிள்ளையைப் பிடிச்சு வைச்ச பலன்."

"பிள்ளை ஆடுது. பசை போட்டு ஒட்டு. இனிக் கழட்டக்கூடாது."

"அதுமட்டும் ஏலாது, அக்கா. என்ரை தங்கச்சி இன்னும் கல்யாணம் கட்டேல்லை."