இன்னும் கொஞ்சம் தள்ளி வா

நான் இயற்பியல் படித்தவள். பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் அடுப்பில் ஏதோ இருப்பதாகச் சொல்லி எழுந்து போய்விடுவேன். அதனால் நீங்கள் இதை நம்பாவிட்டால் எனக்கு வருத்தமில்லை, உங்கள் இடத்தில் நான் இருந்தால் பிள்ளையைத் தனியே விட்டுப் போனதை மறைக்க இந்தப் பெண் கதை கட்டுகிறாள் என்றுதான் நினைப்பேன்.

சேரப்பணஞ்சேரி தாண்டி ஒரு புது லேஅவுட்டில் எங்கள் வீடு. இதுவரை குடிவந்தது நாங்கள் மட்டும்தான், மற்றதெல்லாம் புல்லும் வெள்ளையடித்த மனைக் கற்களும். ஒரகடத்தில் கம்பெனிகள் பக்கம் போனால் போனில் சிக்னல் கோடு முழுசாக நிற்கும். எங்கள் வீட்டில் மணி அடிக்கும், எடுத்தால் பேச்சு பிய்ந்து பிய்ந்து வரும். ஒழுங்காகப் பேச வேண்டுமென்றால் வெளியே வந்து ஏரிக்கரைப் பக்கம் நடக்க வேண்டும்.

என் கணவர் பிரபு அங்கே ஒரு கம்பெனியில், வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் பெயிண்ட் ஷாப்பில் இருக்கிறார். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டில் செக்யூரிட்டி வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார், ஷிப்ட் முடிந்துதான் திரும்பக் கிடைக்கும்.

அன்று மூன்று மணி ஷிப்டுக்கு ஜுரத்தோடு கிளம்பினார். லீவு போடச் சொன்னேன். “லைன்ல ஆளே இல்ல ஜெனி, நான் போலன்னா சூப்பர்வைசர் என் தலைல பெயிண்ட் அடிச்சிடுவான்” என்று சிரித்துவிட்டுப் போனார்.

நாலேகால் இருக்கும், அவர் நம்பரிலிருந்து போன் வந்தது. மயங்கி விழுந்திருப்பார், வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், அதனால்தான் போன் கையில் இருக்கிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன். ஒன்றரை வயது மகள் தரையில் டப்பா மூடிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். தூக்கிப் போனால் போனைப் பிடுங்குவாள், பேச விடமாட்டாள். இரண்டே நிமிஷம்தானே என்று கதவைச் சாத்தி வெளித்தாழ்ப்பாள் போட்டேன். இன்றைக்கும் அந்தத் தாழ்ப்பாளைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

“ஏங்க, ஜுரம் அதிகமாயிடுச்சா?”

“கேக்கல. கொஞ்சம் தள்ளி வா.”

அவர் குரல்தான், சத்தியமாக அவர் குரல்தான். நாலு மனைக் கல் தாண்டி மறுபடி கேட்டேன். “கேக்கல ஜெனி, இன்னும் கொஞ்சம் தள்ளி வா.” எனக்கு அவர் சொல்வது தெளிவாகத்தான் கேட்டது, நான் பேசுவது மட்டும் எப்படி அவருக்குக் கேட்காமல் போகும் என்று அப்போதே லேசாக இடித்தது. ஆனாலும் ஜுர பயத்தில் நடந்துகொண்டே இருந்தேன். ஏரிக்கரை வந்துவிட்டது, வீடு தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது.

“ஆங், இப்ப கேக்குது. அங்கயே கொஞ்ச நேரம் நில்லு.”

அதற்குப் பிறகு பேச்சில்லை. போனைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றேன். அப்போது போனுக்குள், அவர் பக்கத்திலிருந்து, என் மகள் கலகலவென்று சிரித்தாள்.

எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை. தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. பாப்பா அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள், அழவில்லை. இடது கன்னத்தில் வட்டமாக, அழகாக ஒரு கறுப்புப் பொட்டு. நாங்கள் கிறிஸ்தவர்கள், எங்கள் வீட்டில் திருஷ்டிப் பொட்டு வைப்பதில்லை, மைச் சிமிழ்கூடக் கிடையாது. ஏதாவது டப்பாவின் கரியாக இருக்கும் என்று துடைத்துப் பார்த்தேன். கரியில்லை, பிசுபிசுவென்று விளக்கெண்ணெய் வாசம் அடித்தது. முகவாய்க்கட்டையில் விரல் வைத்துப் பிடித்த மாதிரி லேசாக ஒரு தீற்றல் வேறு.

கட்டிலடி, குளியலறை எல்லாம் பார்த்தேன், ஒருவரும் இல்லை. பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே ஓடி கம்பெனி கேட்டுக்குப் போன் செய்தேன்.

“பெயிண்ட் ஷாப் பிரபுவா? அவரு லைன்லதான் கீறாரு மேடம். போனு பெட்டில கீது, சாவி என் இடுப்புல கீது. யாரு எடுத்துப் பேசுவா? இன்னா மேடம், எதுனா பிரச்சனையா?”

முதலில் அந்தச் செக்யூரிட்டியைத்தான் சந்தேகப்பட்டேன், பிறகு மனை பார்க்க வந்து போகும் ஆட்களை, கடைசியில் என்னையே. என் கணவர் வந்ததும் போனைக் காட்டினேன். என் போனில் ஒன்பது நிமிஷம் பேசியதாக இருந்தது, அவர் போனில் அப்படி ஒரு அழைப்பே இல்லை. “ஜுரம் எனக்காடி, உனக்கா?” என்று முதலில் சிரித்தார். அப்புறம் முகம் மாறி, “ஒன்பது நிமிஷமும் பாப்பாவ தனியா வுட்டுட்டா போன?” என்றார். அதற்குமேல் நான் பொட்டைப் பற்றிச் சொல்லவே இல்லை, அவர் வருவதற்குள் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டிருந்தேன். கழுவியது சரியா என்று இன்றுவரை தெரியவில்லை.

இப்போது வீட்டுக்கு வைஃபை வந்துவிட்டது. அவளை விட்டு அடுத்த அறைக்குக்கூடப் போவதில்லை. ஆனால் அன்றிலிருந்து, குளிப்பாட்டிப் பவுடர் போட்டு முடித்த பிறகும் அவள் எழுவதில்லை. இடது கன்னத்தைத் திருப்பி, முகவாயைச் சற்றுத் தூக்கிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். நான் நிற்பது வலப்பக்கம். கொஞ்ச நேரம் கழித்து, வேலை முடிந்ததுபோல ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, அப்புறம்தான் என்னிடம் வருகிறாள்.