மூன்றாம் ஓலை வரை

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு செல்போன் கடையின் மாடியில், வெளிநாட்டு வேலைக்குப் போகும் நர்சுகளுக்கு ரோஸ்லின் பதினாறு வருடமாக ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறாள். வயது நாற்பத்து நான்கு. அப்பாவும் அம்மாவும் போன பிறகு தம்பி சகாய பிரவீனைப் படிக்கவைத்து ஆளாக்கியது அவள்தான். அவன் விழுப்புரத்தில் ரயில்வே வேலை கிடைத்து அங்கேயே அறை எடுத்துக்கொண்டதிலிருந்து வீட்டில் அவள் ஒருத்திதான். யாராவது பேசிக்கொண்டிருக்கட்டும் என்று டிவியைப் போட்டுவிட்டுச் சமைப்பாள்.

ஒரு சனிக்கிழமை வகுப்பில், ஒரு விஷயம் நமக்குத் தெரியவருவதற்கு ஆங்கிலத்தில் உள்ள சொற்களைப் போர்டில் வரிசையாக எழுதினாள். ரியலைஸ், கிராஸ்ப், ஃபைண்ட் அவுட், ஃபிகர் அவுட், சிங்க் இன்.

"புரிஞ்சிச்சின்னு ஒரே வார்த்தையில சொல்லிக்கினு போவாம, எதுக்கு மிஸ் இத்தினி?" என்றாள் மயிலத்திலிருந்து வரும் இளவரசி. "வெள்ளைக்காரனுக்குப் புரியறதே லேட்டு போல."

வகுப்பே சிரித்தது.

"எல்லாம் ஒன்னு இல்லடி. விசாரிச்சோ, யாராவது சொல்லியோ தெரிஞ்சிக்கிட்டா ஃபைண்ட் அவுட். நீயே யோசிச்சுக் கண்டுபிடிச்சா ஃபிகர் அவுட். தெரிஞ்ச விஷயமே மனசுல இறங்க நாளாச்சின்னா சிங்க் இன். உங்க வீட்டுக்காரர் இறந்துட்டாரும்மான்னு நர்ஸ் நீ சொல்றே. அந்தம்மா தலையை ஆட்டிட்டு, அவருக்குக் கஞ்சி எப்போ குடுக்கணும்னு கேக்குது. அதுக்கு இன்னும் இறங்கல."

மறுநாள் மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிவில் சாமியார் கல்யாண ஓலை வாசித்தார். மூன்று ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை, பெண் பெயரை அவரவர் ஊர்ப் பங்குக் கோயிலில் வாசித்து, தடை இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்பது வழக்கம்.

"முதல் ஓலை. நம் பங்கைச் சேர்ந்த காலஞ்சென்ற இருதயநாதன், லூர்து மேரி ஆகியோரின் மகன் சகாய பிரவீனுக்கும், விழுப்புரம் பங்கைச் சேர்ந்த..."

வேறு யாரோ ஒரு பிரவீன் என்று ரோஸ்லின் நினைத்தாள். அப்பா, அம்மா பெயரும்கூட ஒன்றுபோல அமைந்திருக்கிறதே என்று ஒரு கணம் ஆச்சரியப்பட்டாள்.

பக்கத்து வீட்டு சூசை மேரி முழங்கையால் இடித்தாள். "என்னா ரோசு, ஒரு வார்த்தை சொல்லல? நல்ல கமுக்கம்டி நீ."

"திடீர்னு அமைஞ்சிச்சிக்கா," என்றாள் ரோஸ்லின்.

வீட்டுக்கு வந்து போனை எடுத்தாள், வைத்துவிட்டாள். மூன்றாம் ஓலைக்குள் அவனாகவே கூப்பிட்டுச் சொன்னால் அவன் இன்னும் தன் தம்பிதான் என்று தனக்குத்தானே கெடு வைத்துக்கொண்டாள். வாரம் முழுக்க, வகுப்பிலும் போனைக் கவிழ்த்து வைக்கவில்லை. இரண்டாம் ஓலையும் வாசித்தார்கள். அவன் கூப்பிடவில்லை.

அந்தப் புதன்கிழமை தனியாகச் சாப்பிட உட்கார்ந்தபோது, பிரவீனுக்குப் பார்த்த பெண்கள் ஒவ்வொருத்தியாக நினைவுக்கு வந்தார்கள். வல்லத்துப் பெண் சத்தமாகச் சிரிக்கிறாள். இன்னொருத்தி டம்ளரை நீட்டிய விதம் சரியில்லை. நாலு இடத்தையும் ரோஸ்லின்தான் தட்டிக்கழித்தாள். கடைசியில் அவன், "உனக்கு யாரைத்தான்க்கா புடிக்கும்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டான். அவளும் சிரித்தாள்.

எந்தப் பெண்ணிடமும் குறை இருக்கவில்லை. அவன் போய்விடக் கூடாது என்பதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. அதை அவன் அவளுக்கு முன்பே கண்டுகொண்டிருக்கிறான். பிசைந்த சோறு கையில் காய்ந்துபோகும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாம் ஓலை வாசித்த அன்று அவளே கூப்பிட்டாள்.

"அக்கா..." அவனுக்குப் பின்னால் ரயில் அறிவிப்பு கேட்டது.

"மூணாவது ஓலையும் வாசிச்சாச்சுடா."

அவன் தள்ளி நடந்தான் போல, ரயில் சத்தம் குறைந்தது. "நீ திரும்பவும் வேணாம்னுட்டா என்னால மீற முடியாதுக்கா. அதான் சொல்லல."

"வேணாம்னுதான்டா சொல்லியிருப்பேன்."

அவன் இதை எதிர்பார்க்கவில்லை. அவசரமாகக் கல்யாண விவரத்துக்குப் போனான். "வர்ற வியாழக்கிழமை பத்து மணிக்குப் பூசை. ஒன்பதரைக்கெல்லாம் வந்துடுக்கா. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுல ஆட்டோ கிடைக்கும்."

மாப்பிள்ளையின் அக்கா என்றால் முதல்நாளே போய் இருந்து, காலையில் தம்பிக்கு மாலை போட்டு, கூடவே கோயிலுக்கு நடக்கிறவள். ஆட்டோ கிடைக்கும் என்று விருந்தாளிகளுக்குத்தான் சொல்வார்கள். அவன் வேண்டுமென்றே அப்படிச் சொல்லவில்லை என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

"சரிடா. ஒன்பதுக்கே வந்துடறேன்," என்றாள் ரோஸ்லின்.