அத்தைக்கு வைத்த எலுமிச்சை ஐஸ்

மாதா கோயிலில் முதல்முறை நற்கருணை வாங்கும் என் புதுநன்மை அன்று எங்கள் வீட்டிலேயே ஐஸ் செய்வதென்று அம்மா முடிவு கட்டினாள். பக்தியெல்லாம் ஒன்றுமில்லை. காரணம் அத்தைதான்.

அத்தை என் நைனாவின் அக்கா. முந்தின வருஷம் தன் மகளின் புதுநன்மைக்கு மவுண்ட்ரோட்டுக் கடையிலிருந்து ஐஸ்கிரீம் வரவழைத்துக் கண்ணாடிக் கிண்ணங்களில் கொடுத்தாள். அம்மா ஒரு வாய் வைத்ததுதான் தாமதம், "உங்க எண்ணூர்ல உப்பு தானே கீது, இதெல்லாம் எங்க பாத்திருக்கப் போற" என்றாள் அத்தை. அம்மாவைப் பெற்றவர் உப்பளத்தில் வேலை செய்தவர். அம்மா சிரித்துக்கொண்டே கிண்ணத்தைக் காலி செய்தாள். அந்தச் சிரிப்பு ஒரு வருஷம் அவள் முகத்தில் இருந்தது. அது கோபம் என்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

வழி காட்டியவர் சித்தப்பா. ராயபுரம் கரையில் மீனுக்கு ஐஸ் உடைத்துப் போடுவது அவருடைய வேலை. ஒருநாள் சிவந்த கையோடு வந்து, "உப்பு போட்ட ஐஸ்ல கை வச்சிட்டேன் அண்ணி, நெருப்பு மாரி சுட்டுச்சு" என்றார். அம்மா அந்தக் கையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. உப்புப் போட்டால் ஐஸுக்குக் குளிர்ச்சி ஏறுமா என்று இரண்டு தடவை கேட்டாள். ஏறும் என்றார் சித்தப்பா. அவ்வளவுதான், தாத்தாவிடம் ஒரு மூட்டை கல்லுப்பு வேண்டுமென்று எண்ணூருக்குச் சொல்லி அனுப்பிவிட்டாள்.

ரேஷன் சர்க்கரை முழுவதும் ஒரு மாதம் டப்பாவுக்குள் போனது. நாங்கள் வெல்லக் காப்பி குடித்தோம். நைனா தினமும் திட்டிக்கொண்டே குடித்தார். புதுநன்மைக்கு முதல்நாள் சாயங்காலம் எலுமிச்சையும் சாத்துக்குடியும் பிழிந்து, விதை போக வேட்டித் துணியில் வடிகட்டி, சர்க்கரைப் பாகும் கொஞ்சம் இஞ்சிச் சாறும் சேர்த்து, ஈயம் பூசிய பெரிய தூக்கில் ஊற்றி வைத்தாள். விடியற்காலையில் சித்தப்பா மரத்தூளும் மீன் வாசனையுமாக ஐஸ் பாளத்தைக் கொண்டுவந்து இறக்கினார். பாதியாய் அறுத்த பீப்பாயின் நடுவில் தூக்கை வைத்து, சுற்றிலும் ஐஸ் ஒரு வரிசை, உப்பு ஒரு வரிசை என்று அடைத்தார்கள். அப்புறம் தூக்கைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருகிக்கொண்டே இருக்க வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அந்தக் காலத்தில் நன்மை வாங்குகிறவர்கள் நடு இரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. வீட்டில் எல்லாரும் நன்மை வாங்கப் போகிறவர்கள். ஆகவே ஐஸை ருசி பார்க்க ஆளில்லை. பல வருஷமாகச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யாததால் நன்மை வாங்க முடியாத சித்தப்பாவைத்தான் அம்மா அதற்கு நம்பியிருந்தாள். அவரோ கரையில் மீன் வந்துவிட்டது என்று ஆள் வந்து கூப்பிட்டதும் ஓடிவிட்டார்.

நைனா அடுப்பில் கறி கிளறிக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு என் வெள்ளைக் கவுனுக்கு இஸ்திரி போட வேண்டியிருந்தது. "சுத்திகினே இரு, தொறக்காத" என்று என்னைப் பீப்பாய் முன்னால் உட்கார வைத்துவிட்டுப் போனாள்.

திறந்தேன். திறக்காமல் யாரால் இருக்க முடியும்? தூக்கின் உட்பக்கம் வெள்ளை வெளேரென்று படிந்திருந்தது. விரலால் வழித்தேன். விரல் எப்போது வாய்க்குள் போனது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. நாக்கில் பட்டதும் கரைந்து தொண்டைக்குள் இறங்கிவிட்டது.

அந்த ஒருசந்திப் பட்டினியை முறித்துவிட்டு நன்மை வாங்குவது நரகத்துக்கே கொண்டுபோகும் சாவான பாவம் என்று கோயில் உபதேசியார் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்றும் இருந்தது. ஐஸ் தாங்க முடியாத புளிப்பு. குளிர்ச்சியில் இனிப்பு மங்கிவிடும் என்று எங்களில் யாருக்குத் தெரியும்? நான் வாயை மூடிக்கொண்டால் அத்தை முதல் வாயிலேயே முகத்தைச் சுளிப்பாள், அம்மாவின் ஒரு வருஷம் மண்ணாய்ப் போகும். சொன்னால் எனக்குக் கவுனும் இல்லை, முக்காடும் இல்லை, நன்மையும் இல்லை.

அழுதுகொண்டே போய், "அம்மா, புளிக்குது" என்றேன்.

அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "முழுங்கினியா?"

தலையாட்டினேன். அவள் கவுனைப் பார்த்தாள், பீப்பாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இல்ல. நீ துப்பிட்ட. நான் பாத்தேன். போய் மூஞ்சி கழுவு."

நான் துப்பவில்லை. ஆனால் பார்த்தேன் என்று அம்மாவே சொன்ன பிறகு நான் யார் மறுக்க? முகம் கழுவி முடிப்பதற்குள் துப்பிவிட்டதாக நானே நம்பிவிட்டேன். திரும்பி வந்தபோது அம்மா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பீப்பாயருகே குந்தியிருந்தாள். பாகு ஊற்றும் சத்தமும் நாக்கு சப்புக்கொட்டும் சத்தமும் மாறி மாறிக் கேட்டன.

பூசையில் நான் முக்காடும் மெழுகுவர்த்தியுமாக நன்மை வாங்கித் திரும்பியபோது ராணி மாதிரி இருந்தேன். எங்கள் வரிசையில் எல்லாரும் நன்மை வாங்க எழுந்து போனார்கள். அம்மா மட்டும் முழந்தாளிட்டபடியே இருந்தாள். அவளைத் தாண்டிப் போன அத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள்.

வீட்டில் அம்மா தூக்கைத் திறந்தபோது கரண்டி உள்ளே இறங்க மறுத்தது. அப்படி உறைந்திருந்தது. வாயில் வைத்தால் முதலில் குளிர்ச்சி, அப்புறம் எலுமிச்சை, கடைசியில் இஞ்சி லேசாக உறைத்தது. நைனா வெல்லக் காப்பியை மன்னித்தார். அத்தை கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "எந்தக் கடையில வாங்கின?" என்றாள்.

"எங்க ஊரு உப்பு தான் அண்ணி" என்றாள் அம்மா.

அத்தை கிண்ணத்தை மறுபடி நீட்டினாள். நான் அப்போதே கொடி பிடித்து ஊர்வலம் போகத் தயாராக இருந்தேன்.

அன்றைக்கு மத்தியானம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அம்மாவிடம், "நீ ஏன் நன்மை வாங்கல?" என்று கேட்டேன். "கால் வலிச்சிது, எழுந்துக்க முடியல" என்றாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது. பூசை முடிந்ததும் எல்லாருக்கும் முன்னால் வீட்டுக்கு ஓடிவந்து, பகல் முழுக்க உட்காராமல் பரிமாறிய அந்தக் காலுக்குப் பூசை நேரத்தில் மட்டும் என்ன வலி என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை.