கோட்டுக்குக் கீழே ஒரு மஞ்சள்

ஆஸ்பத்திரி லேபில், சோதனைத் தட்டை மெஷினுக்குள் தள்ளுவதற்கு முன் வெள்ளைத் தாளின்மேல் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பாள். தொண்ணூற்றாறு சிறு குழிகள். குழிக்கு ஒரு குழந்தையின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த துளி. வயிற்றுக் கிருமியோடு உடம்பு மல்லுக்கட்டியிருந்தால் குழி மஞ்சளாகும். "மெஷினுக்கு நம்பர்தான் தெரியும். எனக்கு மூஞ்சியே தெரியும்" என்பாள். பதினெட்டு வருடமாக அதே முக்காலி.

மாடியில் எண்டோஸ்கோபி அறை. அங்கே இருப்பவள் இவளுடைய தம்பி மனைவி. சிபாரிசு செய்து சேர்த்துவிட்டதே இவள்தான். அதுதான் இன்னும் ஆறவில்லை. குழாய்க் கேமரா காட்டும் புண்ணைத் திரையில் பார்த்த தாய்மார்கள் தம்பி மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறார்கள். மஞ்சள் குழியைப் பார்த்து யாரும் அழுததில்லை. வீட்டில் யாராவது வயிற்றுவலி என்றாலும் எல்லாத் தலையும் அந்தப் பக்கம்தான் திரும்பும்.

"டிவிக்காரிக்கு என்ன, படம் பாத்துச் சம்பளம்" என்பாள். அந்த அறையின் போன் நம்பர்கூடத் தெரியாது என்பதில் அவளுக்கு ஒரு பெருமை.

இவ்வளவு மஞ்சளுக்கு மேல் 'உண்டு', கீழே 'இல்லை' என்று பெரியவர்களை வைத்துப் போட்ட கோடு குழந்தைகளுக்குச் சரிவராது என்பது அவள் கண்டது. சின்ன உடம்பு மெதுவாகத்தான் சண்டைக்கு இறங்கும். போன மாதம் தம்பி மனைவி படியிறங்கி வந்து, எல்லார் முன்னாலும் மெல்லிய குரலில் சொன்னாள்: "அண்ணி, நீங்க இல்லைன்னு அனுப்புனீங்களே, அந்தக் குழந்தைக்கு மாடில கேமரா விட்டுப் பாத்தா வயித்துல புண்ணு இருந்துச்சு." அந்த மெல்லிய குரல்தான் சுட்டது.

இன்று ஆறு வயதுச் சிறுமி. கோட்டுக்கு மயிரிழை கீழே. சோதனையை மறுபடி ஓட்டினாள், அதே வெளிர்மஞ்சள். சட்டப்படி 'இல்லை' என்று எழுதலாம், யாரும் கேட்க முடியாது. மேலே அனுப்பினால், கேமரா கண்டுபிடித்தால், இன்னொரு தாய் தம்பி மனைவியின் கையைப் பிடிப்பாள்.

ஜன்னலுக்கு வெளியே சிறுமியின் அம்மா பையைத் தோளில் மாட்டியிருந்தாள். "இல்லைன்னு வந்துட்டா ஊருக்குக் கிளம்பிடலாம்லங்க?" சிறுமி இரண்டாய் மடங்கி, பெஞ்சின் விளிம்பில் வயிற்றை அழுத்திக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் உக்காருங்க."

போனை எடுத்தாள். போன் நம்பர்களின் பட்டியல் சுவரில் தொங்கியது. அவள் பார்வை சிறுமியைவிட்டு நகரவில்லை. விரல் மட்டும் மாடி அறையின் நான்கு எண்களையும் தடுமாறாமல் வரிசையாக அழுத்தியது.