புதன்கிழமைப் பாரம்

கண்டாவளையில் வீரபாகுவின் பிக்கப் புதன்கிழமைகளில் இலவசம். கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர்கள் விடியவே அவருடைய படலையடியில் வந்து நிற்பார்கள். பின்பெட்டியில் குறுக்கே இரண்டு பலகை போட்டிருக்கும். யாரிடமும் அவர் ஒரு சதமும் வாங்கியதில்லை. அதனால் ஊரில் அவருக்குப் பரோபகாரி என்று ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரில் பாதி பிழை.

வெறும் பிக்கப் பள்ளத்தில் விழுந்தால் தூக்கிப் போடும். அதன் வில்லுத் தகடுகள் நெல் மூட்டைக்காகச் செய்யப்பட்டவை. மேலே பாரம் இல்லாவிட்டால் அவை வளைந்து கொடுக்க மாட்டா. பாரம் இருந்தால் அதே வண்டி அதே பள்ளத்தில் பக்குவமாக இறங்கி ஏறும். வீரபாகுவின் மனைவி அருந்ததியின் முதுகெலும்புக்குப் பக்கத்தில் கடைசிச் சண்டையில் ஷெல் வெடித்துப் பாய்ந்த இரும்புத் துண்டு ஒன்று இருக்கிறது. எடுக்கப் போனால் கால் இழுத்துவிடலாம், இருக்கிறபடியே இருக்கட்டும் என்று டாக்டர்மார் சொல்லிவிட்டார்கள். அருந்ததி நடப்பார், சமைப்பார், கோழி துரத்துவார். குலுக்கம்தான் ஆகாது. உடற்பயிற்சிச் சிகிச்சைக்காகப் புதன்கிழமை தோறும் ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும்.

முதலில் வீரபாகு மண் மூட்டைகளைத்தான் ஏற்றினார். ஒவ்வொரு கிழமையும் ஏற்றி இறக்கி அலுத்துப்போயிருந்த ஒரு நாள், வெயிலில் நடந்து போய்க்கொண்டிருந்த நேசமலரைக் கண்டு வண்டியை நிறுத்தினார். நேசமலர் நீரிழிவுக்காரர், சலரோகக் கிளினிக்குக்குப் போகிறவர். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். அவர் ஏறிய அன்று பின்பக்கம் அழகாக அமர்ந்தது. மூட்டைகள் வேலியோரத்தில் கிடந்து உக்கிப்போயின.

இதை வீரபாகு மறைத்ததில்லை. கிராம அபிவிருத்திச் சங்கம் அவருக்குப் பொன்னாடை போர்த்த முன்வந்தபோது எழுந்து நின்று, "எனக்குப் பாரம் வேணும். அதுதான் ஏத்திறன்," என்றார். கூட்டம் கைதட்டியது. அவர் சொன்னது உண்மை. ஊர் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டது. ஒரு செயலைச் செய்தவரின் நோக்கத்தைக் கொண்டு அளப்பதா, அதனால் பயன் பெற்றவரைக் கொண்டு அளப்பதா என்பது யோசித்து முடியாத கேள்வி. கண்டாவளை யோசிக்கவில்லை. நேசமலர் மட்டும் அவர் சொன்னதை அப்படியே நம்பினார்.

"நல்லதம்பியண்ணை, நீங்கள் ஏறினதும் ஏறாததும் ஒண்டுதான்," என்பார், கண் கிளினிக்குக்குப் போகும் ஒல்லியான நல்லதம்பியைப் பார்த்து. "ரெண்டு செங்கல்லை மடியில வைச்சுக்கொண்டு இருங்கோ."

"உன்னை ஏத்தின வண்டிக்குச் செங்கல் எதுக்கு? அச்சு முறியாமல் போய்ச் சேர்ந்தால் காணும்."

முன்னால் இருக்கும் அருந்ததிக்கு இது பின்கண்ணாடி வழியாகக் கேட்கும்.

வீரபாகுவின் தகப்பன் வடமராட்சியில் இருந்து குடியேற்றத் திட்டத்தில் வந்து காணி பெற்றவர். மகன் பத்தொன்பது வயதில் உழவு இயந்திரம் ஓட்டத் தொடங்கி, பிறகு லொறி ஓட்டி, எல்லாம் போன பிறகு, செட்டிகுளம் முகாமில் இருந்து திரும்பி வந்து, இந்தப் பழைய பிக்கப்பை வாங்கினார். கதைப்பது குறைவு. பெரிய தியாகி இல்லை. சீட்டாட்டத்தில் களவு செய்வார் என்றும் சொல்வார்கள். அவருக்கும் அருந்ததிக்கும் பொதுவான பழக்கம் ஒன்று உண்டு. ஒருவரை ஒருவர் ஒன்றும் கேட்க மாட்டார்கள். முகாமில் கேட்காமல் இருப்பது ஒரு மரியாதை. கேட்டால் மற்றவர் 'இல்லை' என்று சொல்ல வேண்டி வரும். கூடாரத்தை விட்டு வந்த பிறகும் அந்த மரியாதையை அவர்கள் விடவில்லை.

இந்த ஐப்பசியில் பிக்கப்பின் பின் ரயர்களில் நூல் தெரியத் தொடங்கியது. பரந்தனில் நின்ற பொலிஸ்காரர் சப்பாத்து நுனியால் ரயரைத் தட்டி, அடுத்த முறை இதோடு வரக்கூடாது என்று சொல்லி அனுப்பினார். மழையும் வரப்போகிறது. நாலையும் மாற்றத்தான் வேண்டும்.

கிளிநொச்சியில் ரயர் கடை வைத்திருக்கும் சுகிர்தன் போனில் இரண்டு வகை சொல்லியிருந்தான். ஒன்று பாரம் ஏற்றும் ரயர். பக்கச் சுவர் தடித்தது, எத்தனை மூட்டையும் தாங்கும், ஆனால் வெறும் வண்டியில் கல்லுப் போல அடிக்கும். மற்றது மெல்லிய ரயர். காரில் போகிற மாதிரிப் போகலாம், பள்ளத்தைத் தானே விழுங்கிக்கொள்ளும், ஆனால் பின்னால் இரண்டு பேருக்கு மேல் ஏற்றினால் வெடித்துவிடும். விலை ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே பணம் அவருக்கு வழி சொல்லவில்லை.

வீரபாகு மெல்லியதையே வாங்குவது என்று முடிவு செய்திருந்தார். நெல் ஏற்ற வேறு வண்டி பிடிக்கலாம். அருந்ததிக்கு நோகாமல் இருந்தால் சரி. புதன்கிழமை ஆட்களுக்கு எப்படிச் சொல்வது என்பதை மட்டும் அவர் யோசித்து முடிக்கவில்லை. வழக்கம் போல அருந்ததிக்கும் ஒன்றும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை இருவரும் வெளிக்கிட்டார்கள். அருந்ததிக்குச் சந்தையில் அலுவல் இருந்தது. பின்னால் யாரும் இல்லாத வண்டியில், பள்ளம் விழுந்த கிரவல் றோட்டு முடியும் மட்டும் அருந்ததி ஒரு கையால் கதவையும் மறு கையால் இருக்கையையும் பிடித்துக்கொண்டு வந்தார்.

கடையில் சுகிர்தன் கதிரை கொண்டுவந்து வைத்தான். அருந்ததி அதை விட்டுவிட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்த புது ரயர்களின் மேல் போய் அமர்ந்தார்.

"அக்கா, அதில ஏன்?"

"எது மெத்தெண்டு இருக்குது எண்டு பார்க்கிறன்."

"காத்தில்லாட்டி எல்லா ரயரும் ஒண்டுதான் அக்கா. இருங்கோ, தேத்தண்ணி சொல்லுறன்."

"அவருக்குச் சீனி போட வேண்டாம், தம்பி."

மாசி மாதத்தில் இருந்து வீட்டிலும் வீரபாகுவின் தேத்தண்ணியில் சீனி இல்லை. விலைக்குப் பயந்து அருந்ததி மிச்சம் பிடிக்கிறார் என்று நினைத்துக் குடித்துவந்தார்.

சுகிர்தன் பின்சில்லு ஒன்றைக் கழற்றி உருட்டிவந்து, ரயரை உள்ளங்கையால் தடவினான்.

"அண்ணை, இதென்ன? நடுவில வெட்டு அப்பிடியே கிடக்கு, ரெண்டு ஓரமும் மொட்டை. காத்துப் பார்க்கிறேல்லையோ?"

"பார்க்கிறனான்."

"பார்த்தால் இப்பிடித் தேயாது. காத்துக் குறைஞ்ச ரயரில ஆக்களையும் ஏத்தி ஓடியிருக்கிறியள். முன் ரெண்டும் ஒழுங்காத்தானே தேய்ஞ்சிருக்கு. பின்னுக்கு மட்டும் ஆரோ வேணுமெண்டு காத்தைத் திறந்துவிட்ட மாதிரிக் கிடக்கு. ஊரில உங்களோட ஆரும் கோபமோ?"

வீரபாகு தெருவில் போன பஸ்ஸைப் பார்த்தார். பஸ் போன பிறகும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

தேத்தண்ணிக் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோன அருந்ததி அதைத் திரும்ப மடியில் வைத்தார்.

"மதகடி," என்றார்.

ஆஸ்பத்திரியால் திரும்பி வரும்போது, தார் போட்ட காபெட் றோட்டு முடிந்து கிரவல் தொடங்கும் இடத்தில் ஒரு மதகு இருக்கிறது. புதன்கிழமை தவறாமல் வீரபாகு அங்கே வண்டியை நிறுத்தி, "ஒண்டுக்குப் போட்டு வாறன்," என்று சொல்லி இறங்கிப் பின்பக்கமாகப் போவார். சிகிச்சை முடிந்த களைப்பில் அருந்ததி கண்ணை மூடிக்கொண்டிருப்பார்.

"அப்ப நீங்கள் அதில ஒண்டுக்குப் போறேல்லையோ?"

"சில நாள் போறனான்."

"எஞ்சினை நிப்பாட்டாமல் விடுறது காத்துப் போற சத்தம் எனக்குக் கேட்காமல் இருக்கவோ?"

சுகிர்தன் கையில் இருந்த ரயரைத் தேவைக்கு மேல் கவனமாகப் பார்க்கத் தொடங்கினான்.

"கிரவல் அதிலதானே துடங்குது," என்றார் வீரபாகு. "கொஞ்சம் இறக்கிவிட்டா வண்டி மெத்தெண்டு போகும். காலமையிலயும் வீட்டில இறக்கிப்போட்டுத்தான் வாறனான், பரந்தன் பெற்றோல் செற்றில திரும்பக் காத்தடிச்சிடுவன்."

"ரயர் பழுதாப் போகுமெண்டு தெரியாதோ?"

"தெரியும்."

அருந்ததி, "நான் உங்களுக்குச் சலரோகம் எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருக்கிறன்," என்றார்.

"எனக்கோ?"

"கிழமைக்குக் கிழமை மதகடியில இறங்கிற மனுசனை வேறென்ன எண்டு நினைக்கிறது? பயத்தில நேசமலரக்காவிட்டக் கேட்டன். அடிக்கடி போறதுதான் முதல் குறி, சீனியை உடன நிப்பாட்டு எண்டு அவா சொன்னா."

"நேசமலரோ! அவா பின்னுக்கு இருந்து நான் காத்து இறக்கிறதைப் பார்த்துக்கொண்டெல்லோ இருக்கிறவா! சொல்லிப்போடாதேங்கோ எண்டு அவாவிட்டத்தானே நான் சொல்லி வைச்சனான்."

"அப்ப சொல்லாமல்தானே இருந்திருக்கிறா. சொன்ன சொல்லுத் தவறாத மனுசி."

சுகிர்தனால் அடக்க முடியவில்லை. அவன் சிரித்ததும் அருந்ததியும் சிரித்தார். சிரிப்புக்கு முதுகு பிடித்துக்கொள்ள, இடுப்பில் கைவைத்தபடி, "ஐயோ, சிரிக்க வைக்காதேங்கோ, நோகுது," என்று மறுபடியும் சிரித்தார்.

"சீனி விலையெண்டு நீர் மிச்சம் பிடிக்கிறீர் எண்டு நினைச்சன்," என்றார் வீரபாகு.

"எட்டு மாசம் அந்தக் கசப்பைக் குடிச்சியளே. ஒரு நாள் ஏனெண்டு கேட்டிருக்கலாமே."

"நீரும் கேட்டிருக்கலாம்."

சுகிர்தன் கையில் இருந்த ரயரைச் சுவரில் சாய்த்தான்.

"எந்த ரயர் அண்ணை போடுறது?"

வீரபாகு மெல்லிய ரயரில் கைவைத்துக் காட்டினார். அது என்ன வித்தியாசம் என்று அருந்ததி கேட்டார். சுகிர்தன் போனில் சொன்னதையே மறுபடியும் சொன்னான். பின்னால் ஆட்களை ஏற்றக்கூடாது என்று அவன் முடித்ததும் அருந்ததி கணவனைப் பார்த்தார்.

"புதன்கிழமை ஆக்கள்?"

"பஸ்ஸில போகட்டும்."

"எங்கட றோட்டில எப்ப பஸ் வந்தது?"

"நான் அவையளுக்காக ஏத்தினனான் இல்லை அருந்ததி. அது உமக்கும் தெரியும்."

"தெரியும். நீங்கள் எதுக்கு ஏத்தினாலும் அவையள் ஏறினவை. இனி இறக்கேலாது." அருந்ததி ரயர் அடுக்கில் இருந்து மெல்ல எழுந்தார். "இன்னொண்டும் சொல்லுறன், கேளுங்கோ. இண்டைக்கு வரேக்க எனக்குப் பள்ளத்தில மட்டும் நோகேல்லை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் முந்தி நீங்கள் பல்லைக் கடிச்சுக்கொண்டு என்ர முகத்தைப் பார்க்கிறியள். பள்ளம் வாறதுக்கு முந்தியே எனக்கு நோகத் துடங்கீடுது. பின்னுக்கு அவையள் இருந்தா நேசமலரக்கா நல்லதம்பியண்ணையை நக்கலடிப்பா. அதைக் கேட்டுக்கொண்டு வந்தா பாதிப் பள்ளம் எனக்குத் தெரியிறேல்லை. மெத்தெண்ட ரயரைப் போட்டு, நீங்களும் நானும் வாய் பேசாமல் போய் வரவோ?"

வீரபாகு மெல்லிய ரயரில் வைத்த கையை எடுக்கவில்லை. நெடுநாளாக நினைத்து வைத்திருந்த ஒன்றை விடுவது, அது தவறு என்று தெரிந்த பிறகும், உடனே கைவருவதில்லை.

"பாரம் ஏத்திற ரயர் வெறும் வண்டியில அடிக்கும் அக்கா," என்றான் சுகிர்தன் மெதுவாக. "அதையும் சொல்லத்தானே வேணும்."

"வெறும் வண்டியில போனாத்தானே, தம்பி."

வீரபாகு கையை எடுத்தார். "பாரம் ஏத்திறதைப் போடும்," என்றார்.

நாலும் பூட்டி முடிய மத்தியானம் ஆகிவிட்டது. இன்னொரு முறை தேத்தண்ணி வந்தது.

"அவருக்குச் சீனி போடுங்கோ," என்றார் அருந்ததி.

"எத்தினை கரண்டி அக்கா?"

"மூண்டு போடுங்கோ. விட்டதில கொஞ்சமாவது பிடிக்கட்டும்."

வீரபாகு ஒரு மிடறு குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். நாக்கு இனிப்பை மறந்திருந்தது. ஆனாலும் முழுதும் குடித்தார்.

பரந்தன் சந்தியில் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னது அருந்ததிதான். கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டி, பஸ் கொண்டக்டர் மாதிரி, "கண்டாவளை, கண்டாவளை!" என்று கூப்பிட்டார். வீரபாகுவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு இரண்டு பெண்கள் வந்து ஏறினார்கள். மாட்டுத் தீனி மூட்டைகளோடு நின்ற ஒருவர் தயங்கினார்.

"மூட்டையோடயும் ஏறலாமோ அக்கா?"

"மூட்டைதான் முக்கியம், ஏறுங்கோ!"

வண்டி பின்பக்கம் பதிந்தது. காபெட் றோட்டில் புது ரயர்கள் மெல்லிய சத்தத்தோடு ஓடின.

"புதன்கிழமை நேசமலரை நடந்து வரச் சொன்னால் என்ன?" என்றார் வீரபாகு.

"செய்யலாம். பாரம் குறைஞ்சிடுமே."

மதகு வந்தது. பழக்கத்தில் வீரபாகுவின் கால் பிரேக்குக்குப் போக, வண்டி மெல்லமானது.

"ஒண்டுக்கு வருதோ?" என்று கேட்டார் அருந்ததி.

"இல்லை."

"அப்ப போங்கோ."

கிரவல் தொடங்கியது. முதல் பள்ளம் எங்கே இருக்கிறது என்பது இருவருக்கும் தெரியும். வீரபாகு பல்லைக் கடித்தார். ஆனால் மனைவியின் பக்கம் திரும்பாமல் றோட்டையே பார்த்தார். சில்லு இறங்கி ஏறியது. பின்னால் பிள்ளைகள் கூவிச் சிரித்தார்கள்.

"நொந்ததோ?" என்று கேட்டார்.

இத்தனை வருடத்தில் அதை அவர் வாய்விட்டுக் கேட்டது இதுதான் முதல் தடவை. அருந்ததி அளந்து பார்த்துச் சொல்கிறவர் போல, "ஓம். கொஞ்சம்," என்றார்.

"அடுத்தது பெரிசு."

"தெரியும். மெல்லமா விடுங்கோ."

அவர் மெல்லமாக விட்டார்.