பரிமளம் அத்தை சிரிக்காத படம்

பரிமளம் அத்தையை இதுவரை எத்தனை பேர் படம் பிடித்தார்கள் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. பலாங்கொடைக்கு மேலே எங்கள் தோட்டத்து ரோட்டில் சுற்றுலா வேன் வந்து நின்றால் போதும், கொழுந்தெடுக்கும் பெண்களைக் கங்காணி வரிசையாக நிறுத்திவிடுவார். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளி, கன்னத்துக்குப் பக்கத்தில் பிடிக்க வேண்டும். வேன் டிரைவர் "ஹினாவென்ன" என்பான். சிங்களத்தில் சிரிக்கச் சொல்கிறானாம். காலில் அட்டை கடித்துக்கொண்டிருக்கிறபோது என்ன சிரிப்பு வேண்டிக் கிடக்கிறது?

அப்படி எடுத்த அத்தையின் படம் ஒன்று மெயின் ரோட்டுத் தேயிலைக் கடை வாசலில் ஆள் உயரப் பலகையாக நிற்கிறது. கீழே பெயர் கிடையாது. அத்தை போய்த் தனக்கும் ஒன்று கேட்டார். கம்பெனிப் படம், தர முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பலகையைப் பிடுங்கி ஆற்றில் வீசியிருப்பேன்.

அத்தை வீட்டுச் சுவரில் மாமா படம் மட்டும்தான் இருக்கிறது. அவர் செத்த பிறகு அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கியது. முகமெல்லாம் புள்ளி புள்ளியாக இருக்கும்.

"எனக்கும் அந்த மாதிரி மாட்டிடாதீங்க. உசுரோட இருக்கப்பவே நல்லதா ஒண்ணு எடுத்து நானே மாட்டிக்கிறேன்" என்பார் அத்தை.

எனக்குக் கொழும்பில் துணிக்கடை வேலை. போன மாதம் அத்தை முதல் தடவையாக என்னைப் பார்க்க வந்தார். சாயங்காலம் காலிமுகத்திடலுக்குக் கூட்டிப்போனேன். கடலையும் பட்டங்களையும் மாடிக் கட்டடங்களையும் சுற்றிப் பார்த்துவிட்டு, "சரி, படம் எடுக்கிற ஆளு எங்க?" என்றார். என் போனை எடுத்தேன்.

"போனுக்குள்ள கெடந்தா சொவத்துல எப்படி மாட்டுறது, நிலுஷா?"

படம் எடுத்து அங்கேயே அச்சடித்துத் தருகிற இக்ராம் என்பவரைப் பிடித்தோம். எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன்.

"தேயிலைத் தோட்டமா? அப்ப முந்தானையைத் தலையில போட்டுக்கிட்டு நில்லுங்களேன் அக்கா, நல்லா வரும்."

"தலையில போடுறது வேலைக்கு. இன்னைக்கு எனக்கு லீவு" என்றார் அத்தை.

இக்ராம் அப்படியே எடுத்தார். அச்சடித்து வந்த படத்தை வாங்கிப் பார்த்தேன். பட்டுச் சேலை, பின்னால் கடல், எல்லாம் சரி. ஆனால் அத்தையின் வலது கை கன்னத்துக்குப் பக்கத்தில் இருந்தது. விரல்கள் எதையோ கிள்ளிப் பிடித்திருந்தன. விரல்களுக்கு நடுவே ஒன்றுமே இல்லை. முகத்தில் அதே இளிப்பு.

அத்தை அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு நாலாகக் கிழித்தார்.

"பாழாப்போன கை. கேமராவைக் கண்டாலே தானா போகுது. தம்பி, இன்னொண்ணு எடுங்க. இதுக்கும் சேர்த்து காசு தாறேன்."

மறுபடியும் கை மேலே கிளம்பியது. இந்த முறை அத்தைக்குத் தெரிந்துவிட்டது. அதை இழுத்து இடது கக்கத்துக்குள் செருகி, கைகளை இறுகக் கட்டிக்கொண்டு நிமிர்ந்தார். தோட்டத்துத் துரைகூட அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

இக்ராம் படத்தை நீட்டிக்கொண்டே தயங்கினார். "மொகம் கோவமா இருக்கு அக்கா. கொஞ்சம் சிரிங்க, இன்னொண்ணு சும்மாவே எடுத்துத் தாறேன்."

"வேணாம் தம்பி. சிரிச்சதையெல்லாம் அவனுங்க வச்சிருக்கானுங்க. இது என் வீட்டுக்கு."