தூக்கிப் பார்த்து வாங்குகிறவர்கள்

ஒரு லெப்டொப் வாங்க ஒரு குடும்பமே கடைக்கு வரும்; பாவிக்கப் போகிற பிள்ளை மூலையில் நிற்கும், மற்ற எல்லாரும் அதைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பார்கள்.

சண்டை முடிந்து அடுத்த வருடம் மட்டக்களப்பு ரவுணில் ஒரு கொம்பியூட்டர் கடையில் விற்பனைக்கு நின்றேன். அதுவரை கொம்பியூட்டர் என்றால் மேசையில் துணி போர்த்தி வைக்கிற சாமான் என்று நினைத்திருந்த சனம், வந்தாறுமூலை யூனிவர்சிற்றிக் கம்பஸுக்குப் பிள்ளை எடுபட்டதும் லெப்டொப் தேடி வரத் தொடங்கியது. எல்லாருக்கும் வேண்டியது ஒரே சாமான்தான். விலை குறைய வேண்டும், பாரம் குறைய வேண்டும், படிக்க வேண்டும், கேமும் ஓட வேண்டும். கடைசியில் சொன்னதை மட்டும், தகப்பன் வாசலில் செருப்புக் கழற்றுகிற நேரம் பார்த்து, பிள்ளைகள் என் காதுக்குள் சொல்வார்கள்.

மலிவு, பாரமின்மை, கேம் என்ற மூன்றில் இரண்டைத்தான் ஒரு லெப்டொப் தரும். மூன்றையும் தருகிறேன் என்று சொன்ன ஒன்றின் ஸ்கிரீன் ஒரு மாதத்தில் கோடு கோடாகப் போனது, அதைப் பற்றிக் கதைக்க வேண்டாம் என்று முதலாளி சொல்லியிருக்கிறார். புடவைக் கடையிலோ செருப்புக் கடையிலோ கவுண்டருக்குப் பின்னால் நின்று சிரித்துச் சிரித்து வாய் நொந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்குத்தான் சொல்கிறேன். மற்றவர்கள் நம்ப மாட்டார்கள்.

பதருக்கு விலை

கொக்கட்டிச்சோலையிலிருந்து ஒரு போடியார் மகளோடு வந்தார். வட்டை முழுக்க வயல் வைத்திருக்கிற மனுசன். என்னைக் கண்டதும், "கடைக்காரத் தம்பி சாப்பிடப் போயிட்டாரா புள்ள?" என்று கேட்டார். நான்தான் விற்கிறவள் என்றேன். வந்தது வந்தாயிற்று என்கிற மாதிரி கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

கடையில் இருந்ததில் மெல்லியதை அவர் கையில் கொடுத்தேன். வலது கையால் தூக்கினார், இடது கைக்கு மாற்றினார், காதருகில் வைத்துக் குலுக்கினார். குலுக்க வேண்டாம் ஐயா என்று நான் சொல்வதற்குள் இன்னொரு தரமும் குலுக்கினார். பிறகு பக்கத்தில் கிடந்த தடித்ததைத் தூக்கினார். முகம் மலர்ந்தது. அதன் சார்ஜரைத் தூக்கினார், அது தனியாக ஒரு செங்கல் அளவு. மனுசனுக்கு மெத்தப் பிடித்துவிட்டது. மகள் என்னைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினாள். வள்ளத்திலும் பஸ்ஸிலும் அதைச் சுமக்கப் போகிறவள் அவள்தானே. அவளுக்காக வாதாடினேன். பாரத்தைக் குறைக்கத்தான் கொம்பனிக்காரன் கனக்கப் பாடுபடுகிறான், அதனால்தான் மெல்லியதற்கு விலை கூட என்று விளங்கப்படுத்தினேன். அவர் ஆறுதலாகக் கேட்டார். இரண்டையும் இரண்டு கையில் வைத்து மறுபடியும் நிறுத்துப் பார்த்தார்.

"நெல்லுக்குள்ள பாரமில்லாம இரிக்கிறது பதர்தான் புள்ள. பதருக்கு விலை கூட எண்டு இண்டைக்குத்தான் கேள்விப்படுறன்."

ஓடிப் பார்த்த மாமி

அதே கிழமை எதிர்க்கட்சியும் வந்தது. திராய்மடுவிலிருந்து கமலா மாமியும் அவருடைய ஒரே மகன் தினேஷும். மாமி தையல்காரி. தினேஷ் முகாமைத்துவம், அதுதான் மனேஜ்மென்ட், படிக்க எடுபட்டிருந்தான். கடைக்குள் கால் வைத்ததும் அவன் கண் போனது கேம் ஓடுகிற தடித்த லெப்டொப்புக்கு. இவ்வளவு பெரிசு என்னத்துக்கு என்று மாமி கேட்டார். பாடத்துக்குப் படம் கீற வேணும் என்றான். முகாமைத்துவத்தில் என்ன படம் என்று எனக்கும் தெரியவில்லை, ஆனால் வாயைத் திறக்கவில்லை. பிள்ளைகளுடைய பொய்யைக் காப்பாற்றுவதும் எங்கள் சம்பளத்துக்குள்தான் அடக்கம்.

மாமி அந்த லெப்டொப்பைத் தூக்கிக் கமக்கட்டில் இடுக்கினார். மற்றக் கையால் சேலையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார். வாசலால் இறங்கி ஓடத் தொடங்கினார். நான் பின்னால் ஓடினேன், எனக்குப் பின்னால் முதலாளி ஓடினார், முதலாளிக்குப் பின்னால் பக்கத்துப் பாமசிக்காரரும் என்ன ஏது என்று தெரியாமலே ஓடினார். சந்தி மட்டும் போன மாமி அப்படியே திரும்பி ஓடி வந்து, மேசையில் லெப்டொப்பை வைத்து, மூச்சு வாங்க, "இது சரிவராது" என்றார்.

பிறகு கதையைச் சொன்னார். அவர்கள் முன்பு இருந்தது நாவலடியில். சுனாமியில் கடல் வந்த அன்று புருஷன் இவரையும் பள்ளிக்கூடப் பொடியனாக இருந்த தினேஷையும் மேட்டுப் பக்கம் கொண்டு வந்து விட்டுவிட்டு, தையல் மெஷினை எடுத்து வருகிறேன் என்று திரும்பிப் போனாராம். அவர் ஆசையாக வாங்கிக் கொடுத்த மெஷின். போனவர் வரவில்லை. சட்டைக்கு அளவு சொல்வது போல மாமி இதைச் சொன்னார். வியாபாரத்துக்காக வைத்திருந்த சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. தினேஷ் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"தூக்கிட்டு ஓட ஏலாத சாமானுக்குத்தான் மனுசன் திரும்பிப் போறான். இவன் திரும்பிப் போகப்படாது புள்ள. ஓட ஏலுமானதாக் காட்டு."

எந்தப் பக்கம்

பாரமில்லாததும் மாமிக்குக் கட்டுப்படியானதுமாக ஒன்று இருந்தது. அதில் கேம் ஓடாது, கேமின் பெயரைச் சொன்னாலே சூடாகிவிடும். தாய் அதையே பிடித்துக்கொண்டார், மகன் தடித்ததையே பார்த்துக்கொண்டிருந்தான். கலியாண ஓர்டர் ஒன்று இருக்கிறது, தைத்துக் கொடுத்துவிட்டு வருகிறோம் என்று போனார்கள்.

அந்த இடைவெளியில் கிரானிலிருந்து பொடியன் ஒருவன் வந்தான். போன மாதம்தான் எங்களிடம் லெப்டொப் வாங்கியவன், படிக்க மட்டும்தான் என்று தகப்பன் முன்னால் தலையில் அடித்துச் சத்தியம் செய்தவன். இப்போது தனியாக வந்து, அதிலிருக்கிற கேம் ஒன்றை அழித்துத் தரும்படி கேட்டான். திருந்திவிட்டானாக்கும் என்று சந்தோசப்பட்டேன். விசயம் அதுவல்ல. வழியில் செக்பொயின்ற்றில் மறித்து, பையைத் திறக்கச் சொல்லி, லெப்டொப்பையும் திறக்கச் சொல்லியிருக்கிறார்கள். மூடி வைத்தபோது ஓடிக்கொண்டிருந்த கேம் திறந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்கிவிட்டது. ஸ்கிரீன் முழுக்க ஆமியும் துவக்கும் டமால் டுமீலும். மறித்த ஆமிக்காரனுக்கும் இவன் வயதுதான் இருக்கும். குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தானாம். துவக்கைத் தோளில் மாட்டிவிட்டு, ஒரு விரலால் ஒரு பட்டனை அமத்திப் பார்த்தானாம். பின்னால் பஸ்காரன் ஹோன் அடிக்கிறான். அவசரமில்லாமல் தலையை நிமிர்த்தி, தம்பி என்பதை மட்டும் சிங்களத்தில் விட்டு, மற்றதைத் தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டானாம்:

"மல்லி, இதில நாங்க எந்தப் பக்கம்?"

வாரண்டிக்குள் வராதது

போடியார் திரும்பி வந்தார். அவர் வாங்கிப் போன தடித்த லெப்டொப் வேலை செய்யவில்லை. திறந்து பார்த்தேன். கீபோர்ட் எழுத்துகளுக்கு நடுவில் சந்தனம், ஓரத்தில் குங்குமம், ஒரு மூலையில் காய்ந்த அறுகம்புல். கோயிலில் வைத்துப் பூசை செய்தோம் என்றார். பூசை சரி, நனைந்திருக்கிறதே என்றேன். ஐயர் தீர்த்தம் தெளித்தாராம். தெளித்ததா ஊற்றியதா என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். மகள் பின்னால் நின்று, கைகளால் செம்பைக் கவிழ்க்கிற மாதிரி காட்டினாள்.

தண்ணீர் பட்டால் வாரண்டி இல்லை ஐயா, கொம்பனிக்காரன் பார்த்த உடனே கண்டுபிடித்துவிடுவான் என்று மெல்லச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. உண்மையாகவே எனக்காகக் கவலைப்பட்டார்.

"சாமிட தீர்த்தம் பட்டுப் பழுதாப் போற சாமானையா புள்ள நீங்க விக்கிறயள்?"

கடல் வருது

ஓர்டர் முடிந்து மாமியும் தினேஷும் வந்தார்கள். அன்றைக்கு எப்படியும் ஒன்றைக் கொண்டுபோவது என்ற முடிவோடுதான் வந்தார்கள், எது என்பதில்தான் இரண்டு பேருக்கும் இரண்டு முடிவு. மாமி சின்னதன் மேல் கையை வைத்துக்கொண்டு இருந்தார். கடைசியாக ஒரு தரம் ஓடவிட்டுப் பார்க்கிறேன் என்று தினேஷ் தடித்ததில் கார் ஓட்டத் தொடங்கினான். தன் போனை எங்கள் பிளக்கில் சார்ஜுக்குப் போட்டிருந்தான். கார் முதலாவதாகப் போய்க்கொண்டிருந்தது. நானும் என் வேலையை விட்டுவிட்டு அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் ரோட்டில் ஒருவன் "கடல் வருது" என்று கத்திக்கொண்டு போனான். அந்த வருடங்களில் இந்தக் கதை அடிக்கடி கிளம்பும், பொய்யாகவும் போகும். பொய்யா மெய்யா என்று நின்று பார்க்கிற ஊர் இல்லை இது. ரோடு முழுவதும் கடலுக்கு எதிர்ப்பக்கமாக, வலையிறவுப் பாலத்தை நோக்கி ஓடியது. நாங்களும் ஓடினோம். சந்தியில் எனக்குப் பேக் ஞாபகம் வந்தது. பேக் போனால் போகட்டும், அதற்குள் அடையாள அட்டை. அடையாள அட்டை இல்லாமல் வீட்டுக்கும் போக முடியாத காலம் அது. திரும்பினேன். யாரோ என் மணிக்கட்டைப் பிடித்தார்கள், வளையல் உடைந்தது. கமலா மாமி. "கிடக்கட்டும், வா" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. அவருடைய மற்றக் கை தினேஷின் கைக்குள் இருந்தது. அந்தப் பிடியை இப்போது நினைத்தாலும் எனக்கு அழுகை வரும்.

கடல் வரவில்லை. வாவி கூட அசையவில்லை. பாலத்தடியில் மூச்சு வாங்கிக்கொண்டு எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபோதுதான், முதலாளியின் கையில் ஒரு கீபோர்ட் இருப்பதைக் கண்டோம். கடையிலேயே ஆக மலிவான சாமான். அதை எப்போது எடுத்தார், ஏன் எடுத்தார் என்று அவருக்கும் தெரியாது. திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மவுஸையும் தூக்கியிருந்தா ஒரு செட்டாப் போயிருக்கும்."

எதைக் கொண்டுபோனார்கள்

திரும்பி வந்தபோது கடை திறந்து கிடந்தது. ஒரு சாமானும் போகவில்லை, கள்ளனும் ஓடியிருப்பான். என் பேக் கதிரையில் தொங்கியது. தடித்த லெப்டொப்பில் தினேஷின் கார் மதிலில் முட்டியபடி உறுமிக்கொண்டே நின்றது. பக்கத்தில் அவனுடைய போன், சார்ஜ் நிறைந்து பச்சை விளக்கோடு.

மாமி மேசையருகில் போய் நின்றார். காரைப் பார்த்தார், போனைப் பார்த்தார். போனைக் கையில் எடுத்து, லெப்டொப்பைத் தூக்கிப் பார்த்த அதே மாதிரி அதையும் தூக்கிப் பார்த்தார். இரவில் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுக்கிற போன் அது என்று முதல் நாளே முறைப்பாடு சொல்லியிருந்தார். "இதையும் விட்டுட்டா வந்த நீ?" என்று மகனைக் கேட்டார். தினேஷுக்குக் கேள்வி விளங்கவில்லை. "உங்கட கையத்தானே அம்மா புடிச்சிருந்தன்" என்றான், ஏதோ பிழை செய்துவிட்டவன் மாதிரி. மாமி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். ஓடி வந்த வேர்வை என்று நாங்கள் எல்லாரும் ஒப்புக்கொண்டோம்.

நான் சின்னதைப் பெட்டிக்குள் வைக்கப் போனேன். மாமி என் கையைத் தடுத்தார், இந்தத் தரம் மெதுவாக.

"அத வை புள்ள. பாரமானதையே தா. இவன் விட்டுட்டு ஓடுவான்."

பாரம், விலை, பற்றரி, கேம் என்று பெட்டியில் அவ்வளவும் அச்சடிக்கிற கொம்பனிக்காரன் இந்த ஒரு வசதியை மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறான், எழுதியிருந்தால் நாங்களும் இத்தனை தரம் தூக்கிக் காட்டி இடுப்பு நாரியை முறித்திருக்க மாட்டோம்.